இசைத்தட்டு கெட்டுவிட்டதா?

தந்தையார் அரும்பாடுபட்டுச் சேர்த்த இசைத்தட்டுக்கள் பரணிலே கிடக்கின்றன. ஒரு நாள் அவற்றை இறக்கித் தூசி துடைத்து, புதிதாய் வாங்கிய ரெக்கோர்ட் பிளேயரை வீட்டு அம்பிளிபயருடன் இணைத்துக் கேட்கின்றோம். வருவதோ ஈனஸ்வரம்! மிருதங்கத்தின் தொப்பி ஒலி அடியோடு இல்லை. ஜாலராவின் ஓசை மட்டும் காதைக் குத்துகின்றது. "தட்டுப் பழுதாகிவிட்டது" என்று தீர்ப்புக் கூறிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுகின்றோம். அந்தோ, குற்றம் தட்டினுடையதன்று!

இசைத்தட்டை வெட்டும்போதே கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்தும், மேற்சுருதி ஒலிகளை மிகுத்தும் பதிகின்றனர். கீழ்ச்சுருதியை முழு வலிமையுடன் பதிந்தால், முள் ஓடும் சால் அகன்று அடுத்த சாலில் மோதும். மேற்சுருதியை மிகுத்துப் பதிந்து, கேட்கும்போது குறைத்தால், தட்டின் உராய்வு இரைச்சலும் உடன் குறையும். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலார் சங்கம் ஏற்ற அளவே நாளடைவில் பொது விதியாயிற்று. அந்த ஏற்றத்தாழ்வை மீண்டும் நேராக்குவதும், முள் தரும் நுண்ணிய மின்சாரத்தைப் பெருக்குவதுமே 'போனோ ஸ்டேஜ்' என்னும் சிறு கருவியின் தொழில்.

இதனை விலை பார்த்துத் தெரிவு செய்தலாகாது. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைப் பார்த்தே தெரிவு செய்தல் வேண்டும். காந்தம் அசையும் வகை ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். அதற்கு 100 மடங்கு பெருக்கம் போதும். கம்பிச்சுருள் அசையும் வகை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட் அளவே தரும்; அதற்கு 1000 மடங்கு வரை வேண்டும். மாற்றிப் பொருத்தினால் ஒன்று கரகரக்கும், மற்றொன்று முனகும்.

பணத்தை எடுக்குமுன் அம்பிளிபயரின் பின்புறத்தை ஒருமுறை நோக்குவோம். 'போனோ' என்று குறித்த துளை இருப்பின், அக்கருவி உள்ளேயே உண்டு. சில ரெக்கோர்ட் பிளேயர்களிலும் அது அடங்கியிருக்கும். இரண்டையும் ஒருங்கே இயக்கினால், திருத்தியதையே மீண்டும் திருத்தி ஒலியைக் கெடுப்போம். 'உம்' என்ற இரைச்சல் கேட்டால், எர்த் கம்பி இணைந்துள்ளதா என்றும் பார்த்தல் நன்று.

78 சுழற்சித் தட்டுக்கள் பெரும்பாலும் இவ்விதிக்கு முற்பட்டவை. அவற்றிற்கு வேறு முள் வேண்டும். எனவே அவற்றையும் அவசரப்பட்டுப் பழிக்க வேண்டாம்.

ஒரு சிறு கருவியின் குறையால் ஒரு தலைமுறையின் செல்வம் விலைபோகலாமா? தட்டைக் கொடுக்குமுன் ஒருமுறை முறையாகக் கேட்போம். தந்தையார் கேட்ட அதே மிருதங்கம் அந்தச் சாலிலே இன்னும் ஒலித்தாலும் ஒலிக்கும்.