நாலு கிலோ மீன் கொடுங்கள்!

கட்டுமாவடி மீன் மார்க்கெட்டுக்குப் போய், "நாலு கிலோ மீன் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுப் பாருங்களேன்! "என்ன மீன்? கொடுவாயா, மடவையா, பாறையா?" என்று கேட்டுவிட்டு, உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அந்த ஊரில் ஒரு மீன் வியாபாரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரே ரகளை! கணக்கு எழுதும் மேஜைக் கம்ப்யூட்டர் ஆமையாய் ஊர்கிறதே என்று, கல்லூரியில் படிக்கும் மகள் தான் சேர்த்து வைத்திருந்த பணத்தில் அறந்தாங்கியிலிருந்து ஒரு 'ராம்' வாங்கி வந்திருந்தாள். அது பொருந்தவில்லை.

"காசைக் கடல்ல போட்டுட்டா, தம்பி!" என்றார் தகப்பனார்.

"நாலு ஜி.பி.ன்னு சரியாத்தானேப்பா கேட்டேன்?" என்றாள் பெண். கண்கள் கலங்கிவிட்டன. அவள் தம்பியோ, அதை அழுத்திச் செருகிவிடுவதென்று தயாராய் நின்றான். நல்ல வேளை, தடுத்துவிட்டேன்.

நேயர்களே, அந்தப் பெண் கேட்டதும் 'நாலு கிலோ மீன்' கதைதான். ஜி.பி. என்பது அளவு, ரகம் வேறு விஷயம். இன்று வீடுகளில் இருக்கும் மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் டி.டி.ஆர். 3, 4, 5 என்ற ரகங்களே உண்டு. மூன்றாவதற்கு மின்சாரம் 1.5 வோல்ட், நாலாவதற்கு 1.2 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. யாரும் மாற்றிச் செருகிவிடக் கூடாதென்றுதான் அடிவிளிம்பில் ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள். ரகத்துக்கு ரகம் அந்த வெட்டு இடம் மாறும். பலவந்தம் செய்தால் ராமும் போகும், மதர்போர்டும் போகும்!

ரகத்தை அறிவது எப்படி? கம்ப்யூட்டரை நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே உள்ள இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, ராமின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை விலக்கி, ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 'பி.சி. 3' என்றிருந்தால் மூன்றாவது ரகம், 'பி.சி. 4' என்றால் நாலாவது. 'பி.சி. 3-12800' என்றிருந்தால், 12800-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். 1600 வரும், அதுதான் வேகம்.

சீட்டு கிழிந்து போயிருந்தால் அடியிலுள்ள தங்க நிறக் கால்களைப் பாருங்கள். மூன்றாவதற்கு 240, நாலுக்கும் ஐந்துக்கும் 288. ஆனால் பழைய இரண்டாவது ரகத்துக்கும் 240-தான்! ஆகையால் வெட்டின் இடத்தையும் ஒப்பிட வேண்டும்.

திறக்கப் பயமா? விண்டோஸில் 'டாஸ்க் மானேஜர்' பக்கத்தில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதில் 'மெமரி' என்று போனால் வேகம் தெரியும். 1333, 1600 என்றால் பெரும்பாலும் மூன்றாவது. 2133 முதல் 3200 வரை நாலாவது. 4800-உம் அதற்கு மேலும் ஐந்தாவது. எத்தனை இடம் காலி என்பதும் அங்கேயே தெரியும்.

அன்று பழைய ராமைக் கழற்றிப் பார்த்தோம். பி.சி. 3! புதியதோ பி.சி. 4. மறுநாள் பழையதையே கையில் எடுத்துக்கொண்டு போனாள் பெண். கடைக்காரர் மனமிரங்கி மாற்றிக் கொடுத்தார்.

தகப்பனார் தலையைச் சொறிந்துகொண்டார். "தினமும் மீன் விக்கிறேன், என்ன ரகம்னு கேட்க எனக்கே தோணலையே, தம்பி! பிள்ளையைப் போய்த் திட்டிட்டேனே!"