நம்பியார் குரலுக்கு மௌனம்... பஸ் சத்தத்துக்கு விசில்!

போன தடவை ஏற்காடு கோடை விழாவுக்கு வீட்டோடு போயிருந்தோம். அண்ணா பூங்காவில் பூக்களைப் பார்த்துவிட்டு, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு, கலை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தோம். கிராமிய ஆட்டம் முடிந்து அடுத்த குழு தயாராவதற்குள் நேரத்தை நிரப்ப ஒரு பலகுரல் கலைஞர் மேடை ஏறினார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

எடுத்ததும் நம்பியார் குரல். இரண்டு கையையும் பிசைந்துகொண்டு அச்சு அசலாகப் பேசினார். நரைத்த தலைகள் சிரித்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த எட்டு வயசுப் பையன், "யாரும்மா அது?" என்றான். "அந்தக் காலத்து வில்லன்டா" என்றார் அம்மா. பையன் திரும்பவும் செல்போனுக்குள் போய்விட்டான்.

எனக்குச் சுருக்கென்றது. எம்.ஆர்.ராதா மறைந்தது 1979-ல். நம்பியார் மறைந்தது 2008-ல். பலகுரல் கலைஞரின் முதலீடே ஊருக்குத் தெரிந்த குரல்கள்தான். ஊர் அந்தக் குரல்களை மறந்துவிட்டால், சரக்கு நிறைய இருந்தும் வாங்க ஆளில்லாத கடை மாதிரி ஆகிவிடுகிறது அவர் தொண்டை.

ஒரு காலம் இருந்தது, ஞாபகம் இருக்கா? 2005-ல் விஜய் டி.வி-யில் 'கலக்கப்போவது யாரு' வந்தது. பிறகு சன் டி.வி-யில் 'அசத்தப்போவது யாரு'. அதுவரை இன்னிசைக் கச்சேரியில் இரண்டு பாட்டுக்கு நடுவே வந்துபோன மிமிக்ரி, திடீரென்று விருந்தின் முதல் பதார்த்தமாகிவிட்டது. சிவகார்த்திகேயன், மதுரை முத்து, ரோபோ சங்கர் எல்லாம் அந்த மேடைகளில் இருந்துதான் நம் வீட்டு ஹாலுக்குள் வந்தார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. திருவிழா நோட்டீஸில் 'டி.வி. புகழ்' என்று போட்டிருந்தால் சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடிப்போம்.

அந்த அலையில் ஒருவர் பெரிய ஹீரோ ஆனார். சிலருக்கு சினிமா கிடைத்தது. மற்ற பலர் மறுபடி கோயில் மேடைக்கே திரும்பினார்கள்.

மேடையும் பழைய மேடையாக இல்லை. முன்பெல்லாம் ஒரு நல்ல ஜோக்கை ஊர் ஊராக வருஷக்கணக்கில் சொல்லலாம். இன்று முன் வரிசையில் ஒருவர் மொத்தத்தையும் வீடியோ எடுத்து அன்று ராத்திரியே ஏற்றிவிட்டால், அடுத்த ஊர்க்காரர்கள் அதை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். 'பழசையே பேசுறாருப்பா' என்று கலைஞரைத்தான் குறை சொல்வோம். கொரோனா வந்தபோது இரண்டு வருஷம் திருவிழா, கோடை விழா எல்லாமே நின்றுபோனது. மாதச் சம்பளம் இல்லாத தொழிலில் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று யோசித்துப் பாருங்கள்.

வடிவேல் பாலாஜி 2020-ல் போனார். கோவை குணா 2023-ல். உடம்பெல்லாம் வெள்ளி பெயின்ட் பூசிக்கொண்டு ஊர் மேடைகளில் ரோபோவாக ஆடியே பெயர் வாங்கிய ரோபோ சங்கர் 2025-ல். யாருக்கும் போகிற வயசில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1980-களில் ஊருக்கு ஊர் காமெடி கிளப் முளைத்தது. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்திலேயே வரிசையாக மூடினார்கள். தாக்குப்பிடித்தவர்கள், புதுசாகச் சொல்ல ஏதாவது தேடிக்கொண்டே இருந்தவர்கள்தான். இங்கேயும் அப்படித்தான். மதுரை முத்து 'குக் வித் கோமாளி'யில் கரண்டி பிடித்தார், இன்றும் மேடையில் பேசுகிறார். அலெக்ஸாண்டர் பாபு பாட்டையும் நகைச்சுவையையும் கலந்த 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-ல் அமேசான் பிரைமில் வந்தது. ஆனால், டிக்கெட் வாங்கி ஏ.சி. அரங்கில் சிரிக்க வந்த கூட்டம் வேறு. பஜ்ஜி தின்றுகொண்டு, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய கூட்டத்தைச் சிரிக்க வைப்பது வேறு.

ஏற்காட்டுக் கலைஞருக்கு அது தெரிந்திருந்தது. நம்பியாரை அதோடு விட்டுவிட்டார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், சேலத்தில் இருந்து மலை ஏறும் பஸ்ஸைக் கிளப்பினார். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கியர் உறுமுவது, எதிரே வரும் வேனின் ஹார்ன், கண்டக்டர் விசில், ஜன்னல் ஓரம் வாந்தி எடுக்கும் குழந்தை, 'எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு' என்று அதட்டும் பாட்டி... எல்லாம் ஒரே வாயில்!

அங்கே இருந்த எல்லோரும் அன்று காலையில் அந்தப் பாதையில்தான் வந்திருந்தோம். கூட்டம் குலுங்கியது. அந்தப் பையன் செல்போனை அம்மா மடியில் போட்டுவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தான்.

வீடியோ எடுக்கக் கையை உயர்த்தினேன். அரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். அந்த பஸ் இன்னும் பல ஊருக்குப் போகவேண்டும்.

உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன். உங்கள் ஊர்த் திருவிழாவில் இப்படி ஒருவர் வந்தால், கொஞ்சம் எடுங்கள், பெயர் போட்டுப் பகிருங்கள். மொத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள். விழாக் கமிட்டியில் இருந்தால், பேசிய தொகையை அன்று ராத்திரியே கையில் கொடுத்து அனுப்புங்கள்.

சாயங்காலம் மலை இறங்கினோம். முதல் வளைவில் டிரைவர் பிரேக் போட்டதும் அதே சத்தம். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்துவிட்டோம். டிரைவருக்குத்தான் ஏன் என்று புரியவில்லை.