ஐம்பது பிள்ளைகள் போதாதாம்!

2025 ஜூன் 16 அன்று உத்தரப்பிரதேச அடிப்படைக் கல்வித் துறை ஓர் உத்தரவு பிறப்பித்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்த தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளுடன் ‘இணைக்க’ வேண்டுமாம். ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளிகளே முதல் இலக்காயின. கோடை விடுமுறை முடிந்து புத்தகப் பையுடன் வந்த சிறார்களிடம், இனி உங்கள் பள்ளி வேறு ஊரில் என்று சொல்லப்பட்டது. மூடுவதை மூடுதல் என்று சொல்லக்கூட யோகி அரசுக்குத் துணிவில்லை. நூலகம், விளையாட்டுத் திடல், திறன் வகுப்பறை ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான் இது என்றது.

எதை மூடினார்கள்? இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு கைப்பம்பு, ஒரு சமையல்கூடம். அவத் பகுதிக் கிராமமொன்றில் காலையில் அங்கே போய் நின்றால், அக்கா தன் தம்பியை இடுப்பில் சுமந்து வருவதைக் காணலாம். வீட்டில் அவதி பேசும் அந்தக் குழந்தைக்குப் பாடநூலின் இந்தி ஏறக்குறைய அயல்மொழி. அதை அதன் நாவுக்குப் பழக்குவது ஆசிரியர் மட்டுமல்லர், பக்கத்தில் அமர்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும்தான். நண்பகலில் தட்டுகளுடன் அனைவரும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். சாதி பிரித்த குடியிருப்புகளைக் கொண்ட ஊரில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே சட்டியிலிருந்து உண்ணும் இடம் அது ஒன்றே. அதிலும் சாதி நுழைகிறது. தலித் பெண் சமைத்ததை உண்ண மறுத்த நிகழ்வுகள் உண்டு. ஆயினும் அந்தச் சண்டை நடப்பதற்கேனும் ஒரு பொதுத்தளம் வேண்டும் அல்லவா?

சமைக்கும் பெண்ணுக்கு ஒன்றிய அரசின் திட்டப்படி 2009இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய்; அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும். மாநில அரசு சேர்த்துத் தருவதையும் கூட்டினால் 2,000. இணைப்பு அதையும் பறிக்கும். 26 முதல் 100 பிள்ளைகள் வரை இரு சமையலர் என்பது விதி. தலா நாற்பது பிள்ளைகள் கொண்ட இரு பள்ளிகளில் நால்வர் வேலை செய்கிறார்கள். இணைத்தால் இருவர் போதும். ‘வளப் பகிர்வு’ என்பதன் கணக்கு இதுதான்.

சிறிய பள்ளி தரமற்றது என்பது அரசின் வாதம். நேர்மையாகப் பேசுவோம். பதினைந்து பிள்ளைகளும் ஒரே ஆசிரியரும் கொண்ட பள்ளி எவருக்கும் இலட்சியம் அல்ல. ஆனால் எண்ணிக்கை தானாகவா குறைந்தது? அறுபது பிள்ளைகள் வரை குறைந்தது இரு ஆசிரியர்கள் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புகளுக்கு இருவர்! அந்தக் கஞ்சத்தனமான ஏற்பாடும்கூடப் பல ஊர்களில் கிடையாது. இருக்கும் ஆசிரியரும் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாக அலைகிறார். 2018 இறுதியில் அறிவிக்கப்பட்ட 69,000 ஆசிரியர் நியமனமோ இடஒதுக்கீட்டு முறைகேட்டால் நீதிமன்றத்தில் சிக்கியது. தேர்வுப் பட்டியலையே 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபுறம், தெருவுக்குத் தெரு தனியார் பள்ளிகள் திறக்கப்படுகின்றன. பள்ளியைப் பட்டினி போட்டுவிட்டு, மெலிந்துவிட்டது என்று சொல்லிப் புதைக்கிறார்கள்.

அம்மாநிலத்தின் 2011 விதிகளின்படி, 300 பேர் வாழும் குடியிருப்புக்கு ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு கிலோமீட்டரே எல்லை. அதற்கப்பால் கால்வாயும் நெடுஞ்சாலையும் மழைக்காலச் சேறும் இருக்கின்றன. கூலிக்குப் போகும் தாய் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர முடியாது. முதலில் நிறுத்தப்படுவது பெண் குழந்தைதான்.

சீதாபூர் மாவட்டச் சிறார்கள் 51 பேர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை நாடினர். தனி நீதிபதி ஜூலை 7 அன்று தள்ளுபடி செய்தார். ஜூலை 24 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, அந்த மாவட்டத்தில் இருந்த நிலையே தொடர வேண்டும் என்றது. ஊர்களில் பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் வீதிக்கு வந்திருந்தனர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தொலைவுள்ள பள்ளிகளையும் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள் உள்ளவற்றையும் இணைக்க மாட்டோம் என்று மாதக் கடைசியில் அமைச்சர் இறங்கிவந்தார். இது பின்வாங்கல், உத்தரவின் ரத்து அன்று.

உத்தரப்பிரதேசம் தனித்த விபத்தும் அன்று. ராஜஸ்தானில் 2014இலேயே பல்லாயிரம் பள்ளிகள் இணைக்கப்பட்டன. நிதி ஆயோக்கின் திட்டத்தின் கீழ் மத்தியப்பிரதேசம், ஒடிசா, ஜார்கண்ட் ஆகியவை அதே வழியில் சென்றன. 2014-15இல் நாடெங்கும் 11.07 லட்சமாக இருந்த அரசுப் பள்ளிகள் 2023-24இல் 10.17 லட்சமாகிவிட்டன. இது ஒன்றிய அரசே தரும் கணக்கு. கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்த அண்மைப் பொதுப்பள்ளியும், கல்விக்குத் தேசிய வருமானத்தில் ஆறு விழுக்காடும் ஏட்டிலேயே உறங்குகின்றன.

2015 ஆகஸ்டில் இதே அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசு ஊதியம் பெறுவோரும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கே அனுப்ப வழிசெய்ய வேண்டும் என்று கூறியது. எந்த ஆட்சியும் அதைத் தொடவில்லை. அவர்களைச் சாடும்போது நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் தோழர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அந்தத் தாழ்வாரத்தில் அமர்கிறார்கள்? நம் பிள்ளை இல்லாத பள்ளியின் வாசலில் மூடுவிழா நாளன்று மட்டும் கொடியுடன் போய் நின்றால், ஊர் நம்மை விருந்தாளியாகவே பார்க்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கும் மொத்தத்தில் பாதியைப் பெண்களுக்கும் தருகிறது. பெரும்பாலான ஊர்களில் அக்குழு ஒரு பதிவேடாக மட்டுமே வாழ்கிறது. தாய்மாரிடம் கைநாட்டு வாங்கினால் கூட்டம் முடிந்தது. நம் கிளைகள் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அடுத்த கூட்டத் தேதியைத் தெரிந்துகொண்டு, அதில் கைநாட்டு வைத்த தாய்மாரின் வீடுகளுக்கு முந்திய நாள் மாலையே போகட்டும்.