எழுதும் உரிமை யாருக்கு?

வீட்டு நெட்வொர்க் அமைத்துத் தரும் நம் தொழிலில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. நாஸ் பெட்டியையோ பழைய கணினியையோ பொதுச் சேமிப்பாக வைக்கிறோம். ஷேர் செய்த ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன்', 'ஃபுல் கன்ட்ரோல்' என்று டிக் அடிக்கிறோம். கடவுச்சொல் கேட்பதையும் நிறுத்திவிடுகிறோம். இதைக் கைவிட வேண்டும். ஒரே குடும்பத்தில் யாரிடம் எதை மறைப்பது என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயம்தான். ஆனால் இங்கே முதலில் காக்க வேண்டியது ரகசியத்தை அல்ல, எழுதும் உரிமையை. அனுமதியை மனிதருக்குத் தருவதாக நினைக்கிறோம். அதைப் பயன்படுத்துவதோ அவர் கணக்கில் ஓடும் நிரல்கள். பிள்ளையின் மடிக்கணினியில் புகுந்த ரான்சம்வேர், அந்தக் கணக்கால் எழுத முடிகிற ஃபோல்டர்களை எல்லாம் பூட்டிவிடும். இருபது ஆண்டுக் குடும்பப் படங்கள் அந்தக் கணக்குக்குப் படிக்க மட்டும் திறந்திருந்தால், அந்த வழியாக அவற்றை மாற்றவோ அழிக்கவோ முடியாது. பிள்ளையின் மீதுள்ள நம்பிக்கைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ரவுட்டரின் தடுப்பே போதும் என்போருக்கு 2017 மே மாதத்து வான்னாக்ரை ரான்சம்வேர் பதில் சொல்கிறது. ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அது உள் நெட்வொர்க்கில் அடுத்த கணினிகளைத் தேடிப் பரவியது. அது பயன்படுத்திய, எஸ்எம்பி எனும் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே திருத்தம் தந்திருந்தது. அத்தகைய ஓட்டையை ஃபோல்டர் அனுமதி அடைக்காது. அதற்குப் பழைய எஸ்எம்பியை அணைப்பதும் அப்டேட்டும்தான் வழி. ஆயினும் வாசலுக்கு உள்ளே இருப்பதெல்லாம் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை அந்த நிகழ்வு உடைத்துவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 புரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது. அந்த மறுப்பை அமைப்பில் போய் மாற்றிவிட்டு வருவது நம் வேலையாக இருக்கக் கூடாது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று: கெடுபிடி கூடினால் வீட்டார் குறுக்கு வழி தேடுவார்கள். உண்மைதான். 1975-இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரை, தேவைக்கு மேல் உரிமை தராதே என்றதோடு, பாதுகாப்பு பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும் என்பதையும் ஒரு கொள்கையாக வைத்தது. ஆகவே ஆளுக்கொரு கணக்கு, கடவுச்சொல்லை ஒருமுறை கணினியில் சேமித்துவிடுவது, குழுவுக்கு மட்டும் அனுமதி, அவ்வளவு போதும். எழுத வேண்டியவருக்கும் 'சேஞ்ச்' தந்தால் வேலை நடக்கும்; 'ஃபுல் கன்ட்ரோல்' அனுமதிகளையே மாற்றும் உரிமையையும் சேர்த்துத் தருகிறது. 'டினை' வேண்டாம், பின்னாளில் குழப்பமே மிஞ்சும். ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி இரண்டில் இறுக்கமானதே நெட்வொர்க்கில் செல்லும் என்பதால், வீட்டாரின் கணக்கிலேயே ஒரு கோப்பைச் சேமித்தும் அழித்தும் பார்த்த பிறகே வேலையை ஒப்படைக்க வேண்டும்.

பேக்கப்பில் இன்னும் கறாராக இருக்கலாம். பேக்கப் ஃபோல்டரில் எழுதும் உரிமை குடும்பத்தார் அன்றாடம் பயன்படுத்தும் எந்தக் கணக்குக்கும், அப்பாவின் கணக்குக்கும்கூட, இருக்கலாகாது. நாஸ் பெட்டியே ஸ்னாப்ஷாட் எடுக்கட்டும். அதன் நிர்வாகிக் கடவுச்சொல் எந்த மடிக்கணினியிலும் சேமிக்கப்படாமல் இருக்கட்டும்.