முடியைப் பார்க்காதீங்க, மூடியைப் பாருங்க

ஜெல் நெயில் போடற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். "பிரஷ் ரெண்டு மாசம்கூட வரமாட்டேங்குது, குவாலிட்டியே சரியில்லை." நான் இதை ஒத்துக்கறதில்லை. பெரும்பாலான ஜெல் பிரஷ் வேலை செஞ்சு தேஞ்சு போறதில்லை. வேலை முடிஞ்சு மேசை மேல சும்மா கிடக்கற நேரத்துலதான் கெட்டுப்போகுது. அதனால இன்னும் விலை அதிகமான பிரஷ்ஷைத் தேடி அலையறதை விட, அந்த சும்மா கிடக்கற நேரத்தைக் கவனிக்கறதுதான் புத்திசாலித்தனம். இதுதான் என் கட்சி.

பி.காம் படிக்கிற பொண்ணுக்கு இதுல என்ன அக்கறைன்னு கேட்கலாம். எங்க பெரியம்மா பொண்ணு, அக்கா, வீட்டு முன்ரூம்லயே கல்யாணப் பொண்ணுங்களுக்கு ஜெல் நெயில் போடறாங்க. அவங்க வரவு செலவு நோட்டை எழுதறது நான். அந்த நோட்டுல திரும்பத் திரும்ப வந்த ஒரு வரி, 'பிரஷ்'. கணக்கு எழுதறவங்களுக்கு ஒரே செலவு அடிக்கடி வந்தா சும்மா இருக்க முடியாது. அப்படித்தான் இதுக்குள்ள தலையை விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிரஷ் ஏன் கல்லாகுது?

சாதாரண நெயில் பாலிஷ்ல இருக்கற கரைப்பான் ஆவியாகிப் போறதால பூச்சு காயுது. அந்தப் பிரஷ் காஞ்சு போனாலும் கவலை இல்லை. அசிட்டோன்ல முக்கினா மறுபடி இளகிடும். ஜெல் அப்படி இல்லை. அது காயறதில்லை, இறுகுது. அதுக்குள்ள அக்ரிலேட், மெதாக்ரிலேட்னு சொல்ற மூலக்கூறுகள் இருக்கு. கூடவே, ஒளி பட்டதும் வேலையை ஆரம்பிச்சு வைக்கிற ஒரு பொருளும் இருக்கு. ஒளி பட்ட உடனே மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமா கைகோர்த்து வலை மாதிரி பின்னிக்கும். பல் டாக்டர் வெள்ளை ஃபில்லிங் வச்சுட்டு நீல விளக்கைக் காட்டறாரே, கிட்டத்தட்ட அதே சங்கதி. பின்னின வலையை அசிட்டோன் ஊற வைக்கும், உப்ப வைக்கும், ஆனா பழையபடி திரவமா மாத்தாது. நகத்துல அதை ஊற வச்சு சுரண்டி எடுத்துடலாம். பிரஷ்ல இருக்கற நூத்துக்கணக்கான முடியை யார் ஒவ்வொண்ணா சுரண்டறது?

இப்போ முக்கியமான இடம். இந்த வேலைக்கு லேம்ப் மட்டும்தான் வேணும்னு இல்லை. நெயில் லேம்ப் ஏறத்தாழ 365 முதல் 405 நானோமீட்டர் அலைநீளத்துல ஒளி தருது. நம்ம சூரியனும் அதைத் தாராளமா, இலவசமாத் தருது! ஜன்னல் கண்ணாடி வெயில்ல இருக்கற புற ஊதா பி கதிரைத்தான் பெருமளவு தடுக்கும். புற ஊதா ஏ கதிர்ல பெரும்பகுதி கண்ணாடி வழியா உள்ள வந்துடும். பழைய டியூப்லைட்டுல இருக்கற பாதரசம்கூட 365, 405 பக்கத்துல கொஞ்சம் ஒளி விடும். நிறம் சரியாத் தெரியணும்னு நெயில் போடறவங்க எல்லாம் ஜன்னலோரமா உட்காருவாங்க. பக்கத்துலயே லேம்ப். மேல டியூப்லைட். நடுவுல, ஜெல் ஒட்டின பிரஷ் மூடியில்லாம மல்லாக்கப் படுத்திருக்கும். பிறகு கடைக்காரரைத் திட்டறதுல என்ன நியாயம்?

இங்கதான் எங்க பாடப் புத்தகம் ஞாபகம் வந்தது. சொத்துக்களோட தேய்மானம் பத்திப் பேசற இந்தியக் கணக்கியல் தரநிலை 16ல ஒரு விஷயம் இருக்கு. ஒரு இயந்திரத்தோட ஆயுளை மதிப்பிடும்போது அது எத்தனை ஷிஃப்ட் ஓடுது, எப்படிப் பழுது பார்க்கறாங்கன்னு மட்டும் பார்த்தா போதாது. அது ஓடாம சும்மா நிக்கும்போது எப்படிப் பராமரிக்கறாங்கங்கறதையும் கணக்குல எடுக்கணும். சும்மா நிக்குதுங்கறதுக்காக தேய்மானத்தை நிறுத்தவும் கூடாதுன்னு அதே தரநிலை சொல்லுது. ஆலை இயந்திரத்துக்கு எழுதின விதி. ஆனா ஜெல் பிரஷ்ஷுக்குன்னே எழுதின மாதிரி இல்லையா? :-)

பிரச்சினை என்னன்னா, விலை குறைவுங்கறதால பிரஷ்ஷை யாரும் சொத்தா நினைக்கறதில்லை. பஞ்சு, டிஷ்யூ மாதிரி அன்றாடச் செலவுல எழுதிடறோம். நோட்டுல அப்படி எழுதறது தப்பே இல்லை, சின்னத் தொகைதானே. ஆனா நோட்டுல செலவுன்னு எழுதினதும் மனசும் அதைச் செலவாவே பார்க்க ஆரம்பிச்சுடுது. அங்கேதான் கோளாறு.

ஒரு சின்னக் கணக்கு. புரியறதுக்காக நானே வச்சுக்கிட்ட எண்கள்தான், நீங்க உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க. ஒரு பிரஷ் 250 ரூபாய், மொத்தம் 5 பிரஷ். ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை எல்லாத்தையும் மாத்தினா வருஷத்துக்கு 6 தடவை, 7,500 ரூபாய். அதே பிரஷ் ஒரு வருஷம் உழைச்சா 1,250 ரூபாய். வித்தியாசம் 6,250 ரூபாய். வீட்டுல வச்சுத் தொழில் பண்றவங்களுக்கு இது லேம்ப் வாங்கற காசு.

இந்தக் காசை மிச்சம் பிடிக்க என்ன செய்யணும்? பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. நான் பார்த்து, படிச்சு, அக்கா மேசையில செஞ்சும் பார்த்த வரிசை இது.

1. முடியோட நீளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஜெல்லுல முக்காதீங்க. முடி போய்ச் சேர்ற உலோக வளையத்துக்குள்ள ஜெல் ஏறிடுச்சுன்னா துடைக்க முடியாது. அங்கே இறுகினா முடி விரிஞ்சு துடைப்பம் மாதிரி ஆகிடும்.

2. லேம்ப் எரியும்போது பிரஷ்ஷை அதோட வாய்க்கு நேரா வைக்காதீங்க. கையை உள்ள விடற அந்த இடைவெளி வழியா ஒளி வெளியவும் வரும். பிரஷ் லேம்ப்புக்குப் பின்பக்கம் இருக்கட்டும்.

3. போன் வந்துச்சு, காபி வந்துச்சு, அஞ்சு நிமிஷம்தானே... அந்த அஞ்சு நிமிஷத்துக்கும் மூடி போடணும். கியூர் ஆகறதுக்கு எல்.ஈ.டி. லேம்ப்புல ஒரு நிமிஷமே போதும்ங்கறதை மறக்காதீங்க.

4. வேலை முடிஞ்சதும் நூல் பிரியாத துணியில துடைக்கணும். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கிட்டு அடுத்த நகத்துல போய் நிக்கும். வளையத்துல இருந்து நுனியைப் பார்த்து ஒரே திசையில, பிரஷ்ஷை மெல்ல உருட்டிக்கிட்டே இழுக்கணும். குத்தறது, நசுக்கறது, பின்பக்கமா மடக்கறது எதுவும் கூடாது.

5. உள்ள நிறம் தங்கி இருந்தா, நிறமில்லாத ஜெல்லை ஒரு சொட்டு தொட்டு மறுபடி துடைங்க. உள்ள ஒளிஞ்சிருக்கற நிறத்தை அதுவே இழுத்துக்கிட்டு வந்துடும். ரெண்டு மூணு தடவையில துணி சுத்தமா வரும்.

6. அப்பவும் போகலைன்னா, துணியில ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை லேசா நனைச்சுத் துடைக்கலாம். பாட்டில்ல ஊறப் போடாதீங்க.

7. கடைசியா நுனியை ஒண்ணு சேர்த்து வடிவம் கொடுத்து, ஒளி புகாத மூடி போட்டு, டப்பாவுல படுக்க வைங்க. நிறமில்லாத ஜெல் துளியூண்டு நுனியில இருந்தா நல்லதுதான், முடி பிரியாம இருக்கும். ஆனா மூடி அவசியம். பழைய மூக்குக் கண்ணாடி டப்பா போதும், வெளிச்சம் போகாது.

அசிட்டோன் பத்தித் தனியாச் சொல்லணும். "நல்லா ஊற வச்சா பளிச்சுன்னு ஆகிடும்"னு நிறைய பேர் சொல்றாங்க. பளிச்சுன்னு ஆகறது உண்மை. ஆனா வளையத்துக்குள்ள முடியைப் பிடிச்சிருக்கற பசையையும், கைப்பிடியோட வார்னிஷையும் அது பதம் பார்க்கும். பொடியும் திரவமும் கலந்து போடற அக்ரிலிக் நெயிலுக்கு சைபீரிய மரநாய் வகையோட வால் முடியில செஞ்ச கோலின்ஸ்கி பிரஷ் வச்சிருப்பாங்க. அந்த முடியில இருக்கற எண்ணெய்ப் பசையை அசிட்டோன் உறிஞ்சி எடுத்து, வைக்கோல் மாதிரி ஆக்கிடும். அதை அக்ரிலிக்குக்குப் பயன்படுத்தற அதே திரவத்துலதான் சுத்தம் பண்ணணும். ஜெல்லுக்கு நைலான் மாதிரி செயற்கை முடி, அக்ரிலிக்குக்கு இயற்கை முடி. ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் பயன்படுத்தாதீங்க. இன்னொண்ணு, அசிட்டோனும் ஆல்கஹாலும் சுலபமாத் தீப்பிடிக்கிற சாமான். சாமி விளக்கு எரியற ரூம்லயும், கேஸ் அடுப்புக்குப் பக்கத்துலயும் பாட்டிலைத் திறக்காதீங்க.

"இதெல்லாம் ஓவர். பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கறதுதான் சுத்தம்"னு ஒரு வாதம் உண்டு. இதுல பாதி நியாயம் இருக்கு. ரத்தமோ, பூஞ்சை பிடிச்ச நகமோ தொட்ட பிரஷ்ஷை எவ்வளவு விலையா இருந்தாலும் தூக்கிப் போடணும். அங்கே கணக்கு பார்க்கக் கூடாது. ஆனா மீதிப் பாதி சோம்பேறித்தனம். பராமரிக்காத பிரஷ் குப்பைக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம கைக்கு என்ன செய்யுதுன்னு யாரும் பார்க்கறதில்லை.

உண்மையிலேயே எனக்குக் கவலை இங்கதான். பிரஷ் போனா 250 ரூபாய், வாங்கிக்கலாம். தோல் போனா?

பாதி இறுகின பிரஷ்ஷை எல்லாரும் என்ன செய்வாங்க? ரெண்டு விரலால நுனியைப் பிடிச்சுக் கசக்குவாங்க. இறுகாத ஜெல் விரல்ல ஒட்டும், கைப்பிடியில வழியும், அடுத்த நாளும் அதே கைப்பிடியைத்தான் பிடிப்பாங்க. இறுகாத அக்ரிலேட் தோல்ல திரும்பத் திரும்பப் படறதுதான் ஒவ்வாமைக்கு வழி. அமெரிக்கத் தொடு தோலழற்சி மருத்துவர்கள் சங்கம் 2012ஆம் ஆண்டோட ஒவ்வாமைப் பொருளா அக்ரிலேட்டைத்தான் அறிவிச்சது. பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018ல ஜெல் நகம் பத்தியே பொதுமக்களுக்கு எச்சரிக்கை கொடுத்தது. அதுல முக்கியமா அடிபடற பொருளோட பேர் ஹெமா. ஐரோப்பிய ஒன்றியத்துல 2021 முதல் ஹெமா கலந்த நகப் பொருட்கள் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும்தான்னு எச்சரிக்கை அச்சிட்டாகணும்.

இந்த ஒவ்வாமை ஒருதடவை வந்துட்டா பொதுவா வாழ்நாள் முழுக்க இருக்கும். விரல் நுனி வெடிக்கும், அரிக்கும். கண் இமை வீங்கறதும் உண்டு. அதோட முடியறதில்லை. பல் ஃபில்லிங், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில பயன்படுத்தற எலும்பு சிமெண்ட், சர்க்கரை அளவு பார்க்க உடம்புல ஒட்டற சில சென்சாரோட பசைன்னு மருத்துவத்துலயும் அக்ரிலேட் குடும்பம் நிறைய இருக்கு. இருபது வயசுல நெயில் போட்டு வாங்கின ஒவ்வாமை, அறுபது வயசுல ஆஸ்பத்திரியில வந்து நிக்கலாம். வீட்டுல தொழில் பண்ற பொண்ணுக்கு இது பிழைப்பையே நிறுத்தற விஷயம். எந்தத் தேய்மான அட்டவணையிலயும் இதை எழுத முடியாது.

அதனால பிரஷ்ஷை விரலால கசக்கறதை இன்னைக்கே நிறுத்துங்க. துணியில மட்டும் துடைங்க. நைட்ரைல் கையுறை போடுங்க, ஜெல் பட்டா உடனே மாத்துங்க. மெல்லிய லேடெக்ஸ் கையுறையை நம்பாதீங்க, அக்ரிலேட் சீக்கிரமே ஊடுருவிடும். கைப்பிடியையும் தினம் துடைங்க. துடைச்ச துணியை அப்படியே குப்பையில போடாம, லேம்ப்புல காட்டியோ வெயில்ல போட்டோ இறுக வச்சுட்டுப் போடுங்க. பிரஷ்ஷுக்கு எதிரியா இருந்த வெயில் இங்க நமக்கு வேலைக்காரன்!

ஏற்கனவே இறுகிப் போன பிரஷ் இருக்குன்னா? நுனியில ரெண்டு மூணு முடி மட்டும் கெட்டியா இருந்தா, சின்னக் கத்திரிக்கோலால அதை மட்டும் வெட்டிட்டு ஓட்டலாம். கட்டி வளையத்துக்கிட்ட இருந்தா மனசைத் தேத்திக்கிட்டுத் தள்ளுபடி எழுதிடுங்க. அதுக்கும் கழிவு மதிப்பு உண்டு. நகத்து மேல இருக்கற தூசி தட்டலாம், மினுக்குப் பொடி தூவலாம், கைப்பிடி நுனியால புள்ளி வைக்கலாம்.

விக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டையில முடியோட பெருமையை மட்டும் அச்சடிக்காம, ஒளி புகாத மூடி ஒண்ணு சேர்த்துக் கொடுங்க. உள்ள இருக்கறது தெரியணும்னு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி தர்றது, கடையில அழகு. வெயில் வர்ற மேசையில அது மூடியே இல்லாத மாதிரிதான்.

வாங்கறவங்க கடையில நுனியை விரல்ல தடவித் தடவிப் பார்க்கறீங்க. நல்லது, பாருங்க. ஆனா அதுக்கு முன்னாடி மூடியை வெளிச்சத்துக்கு நேராப் பிடிங்க. வெளிச்சம் உள்ள போகுதுன்னா, நீங்க வாங்கப் போறது ரெண்டு மாசத்துப் பிரஷ்.