நியாயத்தீர்ப்பு நாளில் மெழுகுவர்த்தி

1780-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது!

கோழிகள் கூட்டுக்குள் போய் அடைந்தன. நடுப்பகலில் விளக்கேற்றிச் சாப்பிட வேண்டியிருந்தது. உலகம் முடியப் போகிறது என்று மக்கள் நடுங்கினார்கள். (காட்டுத் தீயின் புகையும் மேகமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது பிற்காலத்து விளக்கம். அன்று யாருக்குத் தெரியும்?)

கனெக்டிகட் சட்டசபை அன்று கூடியிருந்தது. கீழ்ச்சபையை ஒத்திவைத்துவிட்டார்கள். மேல்சபையையும் ஒத்திவைக்கலாம் என்று பேச்சு வந்தது. அப்போது ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் எழுந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். போதகர் ஒருவரின் மகன்.

இன்று நியாயத்தீர்ப்பு நாள் இல்லை என்றால், சபையை ஒத்திவைக்கக் காரணம் இல்லை. அந்த நாள்தான் என்றால், கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே அது வரட்டும் என்ற பொருளில் அவர் பேசினார். மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொன்னார்.

விழித்திருக்கும்படி இயேசு தம் சீடர்களுக்குக் கட்டளையிட்டார். அந்த நாளையும் நேரத்தையும் எவரும் அறியார் என்றும் சொன்னார். இரண்டும் சேர்ந்துதான் ஒரு கட்டளை. ஆனால் மனித மனம் முன்னதைப் பிடித்துக்கொண்டு, பின்னதை விட்டுவிடுகிறது.

கணக்குப் போட்டவர்

வில்லியம் மில்லர் நியூயார்க் மாநிலத்து விவசாயி. நல்லவர். வேதத்தை வருடக்கணக்கில் படித்தார். தானியேல் ஆகமத்தில் வரும் 2,300 நாட்களை 2,300 வருடங்களாக எண்ணிக் கணக்குப் போட்டார். கிறிஸ்து 1843-ம் ஆண்டு வாக்கில் திரும்பி வருவார் என்று விடை வந்தது. வரவில்லை. பிறகு அவரைச் சேர்ந்த ஒருவர் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார். மில்லர் தயங்கினார். கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார்.

பல்லாயிரம் பேர் நம்பினார்கள். சிலர் கடையை மூடினார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டார்கள். வெள்ளை அங்கி அணிந்து காத்திருந்தார்கள் என்ற கதைக்கு மட்டும் சரியான ஆதாரம் இல்லை. பத்திரிகைகள் அன்றும் பத்திரிகைகள்தான்!

இரவு முழுவதும் விழித்திருந்தார்கள். 23-ந் தேதி வழக்கம்போல் பொழுது விடிந்தது. அழுதார்கள். அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள்.

அவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. தாம் நம்பியதற்காக ஒரு ரூபாயைக்கூட இழக்கத் துணியாதவர்கள் சிரிக்கக் கூடாது. அவர்களுடைய பக்தியில் குறை இல்லை. காத்திருப்பதற்காக வேலையை விட்டதுதான் பிழை.

பத்துப் பேரும் தூங்கினார்கள்

இயேசு சொன்ன பத்துக் கன்னியர் கதை எல்லாருக்கும் தெரியும். ஐந்து பேர் புத்திசாலிகள். ஐந்து பேர் புத்தியில்லாதவர்கள். ஆனால் மணமகன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தூங்கியதற்காக யாரும் கண்டிக்கப்படவில்லை! புத்திசாலிகளிடம் எண்ணெய் இருந்தது, அவ்வளவுதான். நடுச்சாமத்தில் கடைக்கு ஓடிப் பயன் இல்லை. பக்கத்தில் இருப்பவளிடம் கடன் வாங்கவும் முடியாது.

அந்த எண்ணெய் எது? போதகர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் படித்தால் ஒன்று விளங்கும். தீர்ப்புச் சொல்பவர் அங்கே நாள் கணக்குக் கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, நோயாளியைப் போய்ப் பார்த்தாயா என்றுதான் பார்க்கிறார். இவை எல்லாம் சாதாரண நாட்களில், சாதாரண மனிதன் செய்கிற வேலைகள்.

1844-ம் ஆண்டு அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு நடந்த ஒரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. மில்லரின் வலது கையாக இருந்தவர் ஜோஷுவா ஹைம்ஸ் என்ற போதகர். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற குடும்பங்களுக்கு உதவும்படி, மீதி இருந்தவர்களை அவர் கேட்டுக்கொண்டார். இனி நாள் குறிக்க நேரம் இல்லை. குளிர்காலம் வந்துகொண்டிருந்தது.