தோற்றது ஒரு ஆளா, ஒரு அணியா?



விளையாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் ஜெயித்த கதையைத்தான் எழுதுவாங்க. நான் தோற்ற கதையை எழுதப் போறேன். குழு ஆட்டத்தில் தோற்றால் உடனே ஒரு ஆளைப் பிடிச்சு "உன்னாலதான் போச்சு" என்று சொல்வது சரியில்லை. இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

2022-ம் வருஷம் நம்ம மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டின குதிரை 'தம்பி' எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செஸ் என்றால் ஒருத்தரோடு ஒருத்தர் ஆடுவது என்றுதான் நாம நினைக்கிறோம். ஒலிம்பியாட் அப்படி இல்லை. ஒரு நாட்டு அணியில் 5 பேர், ஒவ்வொரு சுற்றிலும் 4 பேர் நாலு பலகையில் உட்காருவாங்க. ஜெயிச்சா 1, டிரா ஆனா அரை. நாலு பலகையையும் கூட்டித்தான் எந்த அணி ஜெயிச்சது என்று சொல்வாங்க. இப்படி 11 சுற்று.

போட்டி நம்ம நாட்டில் நடந்ததால் இந்தியா ஒரே பிரிவில் மூன்று அணிகளை இறக்கியது. அதில் இரண்டாவது அணியில் எல்லாம் சின்னப் பசங்க. குகேஷ், பிரக்ஞானந்தா, ரௌனக் சத்வானி மூணு பேருக்கும் வயசு 16. நிஹால் சரினுக்கு 18. இவங்களோடு நம்ம தமிழ்நாட்டு அதிபன் அண்ணன். குகேஷ் முதல் எட்டு ஆட்டமும் வரிசையா ஜெயிச்சார். எட்டுக்கு எட்டு! ஒன்பதாவது டிரா.

பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான். அவங்களும் சின்னப் பசங்கதான். பிரக்ஞானந்தா சிந்தரோவை ஜெயிச்சுட்டார். நிஹாலும் அதிபனும் டிரா. அதாவது 2-க்கு 1 என்று நாம முன்னாடி. மிச்சம் குகேஷ் பலகை மட்டும். எதிரே அப்துசத்தோரோவ். குகேஷ் கைதான் ஓங்கி இருந்தது. டிரா ஆனாலே போதும், அந்தச் சுற்று நம்முடையது. ஆனா கடிகாரத்தில் நேரம் குறைஞ்சு போச்சு. அந்த அவசரத்தில் ஒரு தப்பான காய் நகர்த்தல். ஆட்டமே போச்சு. 2-2. கடைசியில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், ஆர்மீனியாவுக்கு வெள்ளி, நமக்கு வெண்கலம். அந்த ஒரு ஆட்டம் தவறாமல் இருந்தால் தங்கமே வந்திருக்கலாம்.

இப்போ சொல்லுங்க, குகேஷால் தங்கம் போச்சா? அப்படிப் பார்த்தால் அந்த எட்டு வெற்றி யார் கணக்கு? அந்த எட்டு இல்லாமல் அந்த அணி பத்தாவது சுற்றில் அந்த இடத்துக்கே வந்திருக்காதே! மறுநாள் கடைசிச் சுற்றில் ஜெர்மனியை 3-1 என்று ஜெயிச்சாங்க. அன்னிக்கு குகேஷ் டிரா செய்தார், நிஹாலும் ரௌனக்கும் ஜெயிச்சுக் கொடுத்தாங்க. ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடிக்கிறதுக்குத்தானே அணி?

பெண்கள் அணிக்கு நடந்தது இன்னும் வருத்தம். கடைசி நாள் வரைக்கும் முதலிடத்தில் இருந்தாங்க. கடைசிச் சுற்றில் அமெரிக்கா. ஹம்பியும் நம்ம வைஷாலியும் டிரா. தானியா சச்தேவும் பக்தி குல்கர்னியும் தோற்றார்கள். 1-3, வெண்கலம்தான். ஆனா அதே தானியாதான் நாலாவது சுற்றில் ஹங்கேரியோட ஆடினப்போ மூணு பலகையும் டிராவில் நிற்க, தான் ஒருத்தர் ஜெயிச்சு அணியைக் காப்பாத்தினவர். அதை எத்தனை பேர் சொல்றாங்க? கடைசியில் நடந்தது மட்டும்தான் நம்ம மனசில் நிற்குது.

எங்க மாமா பையன் செல்லில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடர் காட்டினான். பேர் 'சிஹாயாஃபுரு'. பழைய பாட்டு நூறு எழுதின சீட்டு விளையாட்டு, பேர் கருதா. ஐம்பது சீட்டைத் தரையில் பரப்பி வைப்பாங்க, ஆளுக்கு இருபத்தஞ்சு. ஒருத்தர் பாட்டைப் படிக்க ஆரம்பிச்சதுமே அதற்குரிய சீட்டை யார் முதலில் தொடுறாங்களோ அவங்களுக்கு. (சீட்டாட்டம் என்றதும் முறைக்காதீங்க சார், இதில் காசு கிடையாது. மனப்பாடச் செய்யுள் நூறு தெரியணும்!) பள்ளிக்கூடக் குழுப் போட்டியில் 5 பேருக்கு எதிரே 5 பேர், மூணு பேர் ஜெயிச்சால் அணி ஜெயிக்கும். சில நேரம் ரெண்டு பக்கமும் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருக்கும். எந்தப் பாட்டு வருமோ, அது அதிர்ஷ்டம். ஒரே அணியில் ரெண்டு பேருக்கு இந்த நிலைமை வந்தால், ரெண்டு பேரும் வேற வேற சீட்டைத் தங்கள் பக்கம் வச்சுக்கிற வழக்கம் உண்டு. அப்போ எந்தப் பாட்டு வந்தாலும் ஒருத்தர் ஜெயிப்பார். ஆனா இன்னொருத்தர் தோற்பார். அவர் தோற்றதும் அணிக்காகத்தான். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

நம்ம ஊரில் தறி தெரியாதவங்க இல்லை. கோர்வைச் சேலைக்குத் தறியில் ரெண்டு பேர் வேணும். கரை கோணலாப் போனால் யார் நாடா தள்ளினது என்று கடையில் கேட்க மாட்டாங்க, சேலையைத்தான் பார்ப்பாங்க.

இதையெல்லாம் ஏன் எழுதறேன்னா, போன பொங்கலுக்கு ஒரு தெருவில் பெண்கள் கோ-கோ ஆட்டம் நடந்தது. ஒரே பாயின்ட்டில் தோல்வி. கடைசியா ஓடின அக்கா கோட்டைத் தாண்டி அவுட். அன்னிக்கிருந்து அவங்களுக்குப் பட்டப்பேரே 'கோடு'. ஆனா முதல் மூணு பேர் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் அவுட் ஆனாங்க, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த அக்கா தனியா ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓடினாங்க, நான் பார்த்தேன்.

அப்போ தப்பே சொல்லக் கூடாதா என்று கேட்பீங்க. சொல்லணும். மைதானத்தில், பயிற்சி நேரத்தில் சொல்லணும். தண்ணிக் குழாய்கிட்ட நின்னு சிரிச்சுச் சொன்னால் அது திருத்துறது இல்லை. தானியாவையும் வைஷாலியையும் தள்ளி வச்சிருந்தால் 2024-ல் புடாபெஸ்டில் பெண்கள் அணி தங்கம் வாங்கினப்போ அவங்க இருந்திருக்க மாட்டாங்க. குகேஷும் அங்கே முதல் பலகையில் ஆடித் தங்கம் வாங்கினார். அதே வருஷம் டிசம்பரில் 18 வயசில் உலக சாம்பியன்.

அந்த அக்கா நம்ம பள்ளிதான், பேர் எழுத மாட்டேன். இந்த வருஷம் கோ-கோ அணிக்குப் பேர் கேட்டப்போ அவங்க கொடுக்கலை. பி.இ.டி. சார் நோட்டில் இதுவரைக்கும் எட்டு பேர்தான். களத்தில் இறங்க ஒன்பது பேர் வேணும். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கு. பட்டப்பேர் வச்சவங்களே போய் அக்காவைக் கூப்பிடுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி